சனிக்கிழமை அறிக்கையில் விட்டுப்போன ஒரு வரி

போன மாதம் எங்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் சனிக்கிழமை அறிக்கையை ஆள் உட்கார்ந்து எழுத வேண்டாம், அந்த வாரத்து வேலைகளை எந்திரமே படித்துச் சுருக்கி எழுதிவிடும் என்று. மாதிரிக்கு ஒன்றைப் போட்டும் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபமே வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். "அதான் காலையிலேருந்து ஒரே சட்டைய ரெண்டு தரம் இஸ்திரி போடறீங்களா?" என்றாள்.

இப்போது குழுவை நடத்தும் பெண் நல்ல பெண். போனில் கூப்பிட்டு, "சார், கடைசி அறிக்கைய நீங்களே எழுதுங்க. உங்க அனுபவத்தையும் சேர்த்து எழுதுங்க. எவ்வளவு நீளமா வேணும்னாலும் இருக்கட்டும், ஒரு வரியும் வெட்ட மாட்டோம்" என்றாள். ஒரு வரியும் வெட்ட மாட்டோம் என்று அவள் சொன்னபோது எனக்கு வேறொரு வரி ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இதை எழுத ஒத்துக்கொண்டேன்.

என் பெயர் தணிகாசலம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமே இல்லாமல் அதைவிட அதிக அக்கறையோடு செய்த வேலை இன்னொன்று, 'பலகை'. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் பார்க்க, அச்சடிக்க என்று ஒரு கம்ப்யூட்டரில் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்ந்த மென்பொருள் தொகுப்பு அது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உலகத்தில் ஏதேதோ ஊரில் இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்கிறார்கள். அந்த வாரம் என்ன திருத்தினோம், எது உடைந்தது, எது சரியானது என்று சனிக்கிழமைதோறும் ஓர் அறிக்கை வரும். அதை ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதுவது என் வேலை. கல்யாணம், காய்ச்சல், மகள் பிரசவம் எதற்கும் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. லேபில் இருந்த பழைய மெஷின்களில் புது மென்பொருள் ஓடவில்லை, பலகை ஓடியது, அவ்வளவுதான் ஆரம்பம். முதலில் மெனுவைத் தமிழில் மொழிபெயர்த்தேன். அப்புறம் வரும் புகார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அறிக்கையும் என் தலையில் விழுந்தது.

எனக்கு மேலே மார்த்தா என்று ஓர் அம்மாள் இருந்தார். பனி கொட்டும் ஏதோ ஒரு நாடு. நேரில் பார்த்ததே இல்லை. போட்டோகூட ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன், அதிலும் பாதி முகத்தைக் கம்பளித் தொப்பி மூடியிருந்தது. அவர் மெயிலில் வணக்கம் இருக்காது, நன்றி இருக்காது. ஒரு வரி இருக்கும். நான் அனுப்பிய முதல் அறிக்கையில், 'அச்சடிப்பதில் இருந்த சிக்கல் மிகச் சிறப்பாகத் தீர்க்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தேன். 'மிகச் சிறப்பாக'வை அடித்துவிட்டு, "எது மாறியது? அதை மட்டும் எழுதவும்" என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு தரம், 'சில சமயம் நின்றுவிடுகிறது' என்று எழுதினேன். "சில சமயம் என்பது எண் அல்ல. எத்தனை முறை செய்து பார்த்ததில் எத்தனை முறை?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. சம்பளமா கொடுக்கிறாள் இந்த அம்மாள் என்று மனைவியிடம் பொரிந்திருக்கிறேன். போகப் போக அந்தக் கறார் எனக்குப் பிடித்துவிட்டது. எந்தப் புகார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார். நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? என்ன நடந்தது? அதற்குப் பிறகு அதே காரியத்தை நம் மெஷினில் பத்து முறை செய்து பார்க்க வேண்டும். ஒரு முறையாவது கோளாறு வந்தால் திருத்துகிறவர்களிடம் போகும். பத்திலும் வராவிட்டால், 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதி மூடிவிடலாம். மூடுவதற்கான அதிகாரம் எனக்கு வந்த அன்று லேபில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த அதிகாரத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்தக் கதை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் செல்வியின் டைப்பிங் சென்டர். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. செல்வி சிங்கவரத்துக்காரர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஒரு மெஷினோடு கடை போட்டவர். கீபோர்டைப் பார்க்காமல், நம்மோடு பேசிக்கொண்டே அடிப்பார். நான் நிமிஷத்துக்கு ஒரு வரி தேடித் தேடி அடிக்கிற ஆள், எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட. திருட்டு சாஃப்ட்வேர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் நான்தான் போய்ப் பேசிப் பேசிப் பலகையைப் போட வைத்தேன். "சும்மா குடுக்கறாங்கன்னா எதனா வில்லங்கம் இருக்கும் சார்" என்றார். இல்லவே இல்லை, நான் பொறுப்பு என்றேன்.

நான் பொறுப்பு என்று சொன்ன நாலாவது மாதம் செல்வி லேபுக்கே வந்துவிட்டார். அனந்தபுரத்தில் ஒரு வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழ், அடித்து முடித்து வைத்திருந்தாராம். கரண்ட் போய் வந்ததும் திறந்தால் வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

"சேவ் பண்ணீங்களா?" என்றேன்.

"பண்ணாம இருப்பனா சார்? கரண்ட் போறதுக்கு முன்னாடிதான் பண்ணேன்."

முறைப்படி புகாரைப் பதியச் சொன்னேன். அவரே தமிழில் எழுதினார். கீழே நான் ஆங்கிலத்தில் போட்டேன். பிறகு லேபில் உட்கார்ந்து சோதித்தேன். எப்படிச் சோதித்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் அடித்தேன். சேவ் செய்தேன். நீள நோட்டை இழுத்து மணி பார்த்து எழுதினேன். எத்தனையாவது முறை என்று எழுதினேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். எழுந்து சுவரோரம் போய் அந்த மெஷினின் ஸ்விட்ச்சை அணைத்தேன். திரும்பப் போட்டு ஃபைலைத் திறந்தேன். அடித்த பக்கம் அப்படியே இருந்தது. இப்படிப் பத்து முறை, பத்தும் ஒழுங்காக இருந்தன. மார்த்தா பார்த்தால் மெச்சிக்கொள்ளும் அளவுக்கு நோட்டு சுத்தமாக இருந்தது. 'மறுபடி நிகழவில்லை. மூடப்பட்டது' என்று எழுதினேன். அந்த வார அறிக்கையில், சோதித்து மூடிய புகார்களின் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

செல்வி அழைப்பிதழைத் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. "சார், உடனே கடைக்கு வாங்க" என்றார். குரலே சரியில்லை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் கலைவாணி நின்றுகொண்டிருந்தாள். சிங்கவரத்துப் பெண், எம்.ஃபில் படிப்பவள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியில் வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றி ஆய்வு. சொந்தக் கொல்லை நிலத்திலேயே செடிகளை எண்ணி, இலைகளை எண்ணி எழுதிய ஆய்வு. அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும், அன்றே கடைசி. விட்டால் அந்த வருஷம் போய்விடும், அவளுக்கு வேலை சொல்லியிருந்த இடமும் போய்விடும். தொண்ணூறு பக்கம். இரண்டு மாதமாகச் செல்வி கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, வழிகாட்டிப் பேராசிரியர் திருத்திக் கொடுத்ததையெல்லாம் போட்டு, கடைசி முறை படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. வந்து பார்த்தால் வெறும் வெள்ளை.

கலைவாணி அழவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா ஏகாம்பரம்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் மூட்டை போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"இன்னாம்மா இது? ரெண்டு மாசமா அடிச்சத ஒரு நிமிசத்துல இல்லன்ற?"

"நைனா, கொஞ்சம் சும்மா இரு" என்றாள் கலைவாணி.

செல்வி என்னைப் பார்த்தார். "சார், நீங்களே சொல்லுங்க. நான் சேவ் பண்ணேன். கரண்ட் போறதுக்கு முன்னாடி பண்ணேன். அன்னிக்கி மாரியே போயிட்சி."

கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நானோ லேபில் பத்து முறை சோதித்தவன், நோட்டில் எழுதி வைத்திருப்பவன். மென்பொருளில் கோளாறு இல்லை என்பது எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன்.

"பதட்டத்துல சேவ் பண்ண மறந்திருப்பீங்க செல்வி" என்று சொன்னேன்.

சொன்னது அவ்வளவுதான். ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? சாரே சொல்லிட்டாரு. சேவ் பண்ணாம வுட்டுட்டு கரண்ட் மேல பழிய போடற." ஜெராக்ஸுக்கு வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பண்ணனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா சார்?" என்று ஒரு தரம்தான் கேட்டார். நான் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கலைவாணிதான் காரியத்துக்கு வந்தாள். பேராசிரியர் சிவப்பு மசியில் திருத்திய பழைய பிரின்ட் முழுக்க அவளிடம் பத்திரமாக இருந்தது. "அக்கா, திரும்ப அடிச்சிடலாம். நான் படிக்கிறேன், நீங்க அடிங்க" என்றாள். புதன், வியாழன் இரண்டு நாள்தான் கையில். நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன், லேபிலிருந்து ஒரு பழைய மெஷினை எடுத்து வருகிறேன் என்றேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்போதும் தப்பு அவருடையது, உதவி என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு திமிர்.

புதன்கிழமை காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். இந்த முறை அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல், முடிய முடியப் பென் டிரைவில் ஒரு நகல். கலைவாணி நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செல்விக்கு வாசித்தாள். நான் அட்டவணைகளை எடுத்துக்கொண்டேன். ஸ்டூல் என்றது யூபிஎஸ். பாட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, உட்காரத்தான் பயன்பட்டது. செல்வி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தபோது எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார், அவ்வளவு மரியாதை மட்டும் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் இரண்டாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பக்கம் அடித்திருந்தார். கலைவாணி ஏதோ ஒரு சொல்லில் சந்தேகம் கேட்க, செல்வி அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே டியூப்லைட் கொஞ்சம் மங்கியது. ஃபேன் சத்தம் இறங்கியது. செல்வி பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை மட்டும் தானாகப் போய்க் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தியது. சேவ் ஆகிவிட்டது என்று கீழே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த மூச்சில் கரண்ட் போய்விட்டது.

இருபது நிமிஷத்தில் கரண்ட் வந்தது. ஃபைலைத் திறந்தோம். வெள்ளை.

நான் மேலே டியூப்லைட்டைப் பார்த்தேன். "செல்வி, டியூப்லைட் மங்குனதும் எப்பவும் சேவ் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

"இது என்னா கேள்வி? எங்க லைன்ல லைட்டு மங்குச்சின்னா கரண்ட் போவப் போவுதுன்னு அர்த்தம். சின்னப் புள்ளகூட சொல்லும். அப்ப சேவ் பண்ணாம வேற எப்ப பண்ணுவாங்க?"

லேபில் பெரிய யூபிஎஸ். கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாது. டியூப்லைட் மங்கினால் சேவ் செய்ய வேண்டும் என்ற பழக்கம் எனக்கு வருவதற்கு வழியே இல்லை. நான் சேவ் செய்துவிட்டு மணி பார்த்து, நோட்டில் எழுதி, பேனாவை மூடி, எழுந்து போய் ஸ்விட்ச்சை அணைத்தேன். அதற்கு முக்கால் நிமிஷமாவது ஆகும். செல்வி சேவ் செய்தால் மூன்று நொடியில் கரண்ட் போகும்.

முதல் அத்தியாயம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது, போன ஆறு பக்கத்தை மறுபடி அடித்து அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நான் லேபிலிருந்து கொண்டுவந்திருந்த மெஷினைக் கடையின் ஓரத்துக்கு நகர்த்தினேன். இந்தத் தடவை நோட்டை எடுக்கவில்லை. ஒரு கையால் சேவ், மறு கையால் பிளக். சேவ் செய்ததும் பிடுங்கினேன், ஃபைல் காலி. ஐந்து எண்ணிப் பிடுங்கினேன், காலி. பத்து, இருபது, அதுவும் காலி. நாற்பது எண்ணிப் பிடுங்கினேன், ஃபைல் முழுசாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். எதிர்க்கடைக்காரர் வந்து, "சார், மெஷின் மேல இன்னா கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். சேவ் என்று அழுத்தியதும் எங்கள் மென்பொருள் பழைய ஃபைலைக் காலி செய்துவிடும். புதியதை எழுதியாகிவிட்டது என்று நம்மிடம் சொல்லியும் விடும். ஆனால் அது நிஜமாக டிஸ்க்கில் போய் உட்கார அரை நிமிஷம் வரை ஆகும். அந்த அரை நிமிஷத்தில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. செல்வி சேவ் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் அதற்கு முன்னால் சேமித்த தொண்ணூறு பக்கமும் அப்படியே இருந்திருக்கும். சேவ் செய்ததால்தான் போனது. இவ்வளவு நாள் யாரும் இதைப் பெரிதாகப் புகார் சொல்லவில்லை, ஏனென்றால் இதை உருவாக்கியவர்கள் ஊரில் கரண்ட் போகும் முன்னால் டியூப்லைட் மங்கிக் காட்டாது.

எண்களோடு மார்த்தாவுக்கு எழுதினேன். நான் பத்து முறை எப்படிச் சோதித்தேன், ஏன் தவறினேன், எல்லாவற்றையும் எழுதினேன். மூடிய புகாரைத் திரும்பத் திறந்தேன். அரை மணியில் பதில் வந்தது. "இப்போது எண் இருக்கிறது. நன்றி." அந்த அம்மாள் எனக்கு எழுதிய ஒரே நன்றி அதுதான்.

வியாழன் மாலை ஐந்து அத்தியாயமும் முடிந்தன. வெள்ளிக்கிழமை ஏகாம்பரமே மகளோடு பஸ்ஸில் போனார். நாலுக்குக் கால் மணி இருக்கும்போது கொடுத்துவிட்டோம் என்று கலைவாணி போன் செய்தாள். செல்வி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே திருத்தம் வந்துவிட்டது. இப்போது சேவ் செய்தால் புதியதைப் பக்கத்தில் வேறு ஃபைலாக எழுதி, அது டிஸ்க்கில் நிஜமாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அதற்கு அப்புறம்தான் பழையதை எடுக்கும். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. புகார் சொன்னவர் சரியாகிவிட்டது என்று சொன்னால்தான் அறிக்கையில் 'தீர்ந்தது' என்று எழுதுவோம். திருத்தியதைச் செல்வியின் மெஷினில் போட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டுகிறேன் என்றேன்.

"வேணாம் சார். நீங்க பிடுங்கிப் பாத்தத நான் ஒத்துக்க மாட்டேன். அதுவா போவட்டும். அப்ப சொல்றேன்."

சொல்லி வைத்தாற்போல அந்த வாரம் கரண்ட் போகவே இல்லை. திங்கள், செவ்வாய், புதன். ஊரே சந்தோஷமாக ஃபேன் காற்று வாங்குகிறது, நாங்கள் இரண்டு பேரும் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கரண்ட் போவணும்னு செஞ்சியில வேண்டிக்கற ரெண்டே பேர் நாமதான் சார்" என்றார். பத்து நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு லைட் மங்கியது. செல்வியின் இடது கை போனது. கரண்ட் போனது. வெயில் கடைக்குள் வந்து விழ, இரண்டு பேரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தோம். பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது. ஃபைல் திறந்தது. கடைசியாக அடித்த எழுத்து வரைக்கும் இருந்தது. செல்வி மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் படித்தார். "ம். எழுதிக்குங்க. சரியாயிட்சி" என்றார்.

அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "சார், ஊர்ல இன்னும் அந்தம்மா சேவ் பண்ணாதுன்னுதான் பேசிக்கிறாங்க. கலைவாணி வீட்டுல நீங்க போய் சொல்லிட்டீங்க, சரி. அன்னிக்கி ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க வீடு வீடா நான் போய் சொல்ல முடியுமா? உங்க அறிக்கையில எழுதுங்க. நான் பிரின்ட் எடுத்து கடையில ஒட்டிக்கிறேன்."

எழுதினேன். அறிக்கையில் இப்படி இருந்தது: 'சேமித்த உடனே மின்சாரம் போனால் கோப்பு காலியாவது திருத்தப்பட்டது. கண்டறிந்தவர்: செல்வி, செஞ்சி. செல்வி அன்று கோப்பைச் சேமித்திருந்தார். அவர் சேமிக்கவில்லை என்று சொன்ன தணிகாசலம்தான் இந்தப் புகாரைத் தவறாக மூடியவர்.' ஆங்கில அறிக்கை மார்த்தாவின் பார்வைக்குப் போய் வந்தபோது முதல் இரண்டு வாக்கியம் இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. பக்கத்தில் வழக்கமான ஒரு வரி: "மென்பொருளில் எது மாறியதோ அதை மட்டும்."

நான் எதிர்த்து எழுதியிருக்கலாம். தமிழ் அறிக்கை என் கையில்தான் இருந்தது, அதிலாவது போட்டிருக்கலாம். மார்த்தா சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாக்கியங்கள் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி. உலகம் பூராவும் படிக்கிற அறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'தவறாக' என்ற சொல் வராமல் தப்பித்ததே என்ற நிம்மதி. அறிக்கையைச் செல்வியிடம் காட்டினேன். படித்தார். "எம் பேரு இருக்குது. நான் சேவ் பண்ணேன்னு எங்க சார்?" என்றார். மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள் என்றேன். "சரி, வுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மனுவை அடிக்க ஆரம்பித்தார். பிரின்ட் எடுக்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வருஷம். கலைவாணி விவசாயத் துறையில் இருக்கிறாள். மார்த்தா குழுவிலிருந்து விலகி ஆப்பிள் மரம் வளர்க்கிறாராம். வருஷத்துக்கு ஒரு முறை ஒற்றை வரியில் நலம் விசாரிப்பார். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்தக் காலம் நல்ல காலம். சனிக்கிழமை காலை லேபில் தனியாக உட்கார்ந்து, யார் யாரோ எங்கெங்கோ செய்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, பட்டனை அழுத்தியதும் வருகிற அந்தத் திருப்தி எனக்குச் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

எந்திரம் மாதிரிக்கு எழுதியது என்றேனே, பழைய வாரங்களையும் அதில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த வாரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். 'கோப்புகளைச் சேமிப்பதன் நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று வந்தது. அதில் செல்வி இல்லை. ஆனால் எந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அறியாமல் விட்டது, நான் அறிந்தே விட்டேன்.

நேற்று கடைக்குப் போனேன். இப்போது மூன்று மெஷின், எல்லாம் பாட்டரி உள்ளவை. யூபிஎஸ் ஸ்டூல் மட்டும் அப்படியே இருக்கிறது, அதில்தான் உட்கார வைத்தார். கடைசி அறிக்கை எழுதப் போகிறேன், உங்கள் கதையைப் போடலாமா என்று கேட்டேன்.

"எந்தக் கதை சார்?" என்றார். தெரிந்தேதான் கேட்டார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது செல்வி. இத்தனை வருஷமா ஒரு தரம்கூட நான் மன்னிப்பு கேக்கல."

அவர் அடிப்பதை நிறுத்திவிட்டார். கை கீபோர்டின் மேலேயே இருந்தது. "இத்தினி வருசம் கழிச்சி எதுக்கு சார் அதெல்லாம்" என்றார். அப்புறம், "எழுதறதுன்னா பெருசா ஒண்ணும் வேணாம். நான் சேவ் பண்ணேன்னு எழுதுங்க, அது போதும். பிரின்டர்ல பேப்பர் இருக்குது" என்றார்.

ஆகவே என் கடைசி அறிக்கை இது. இந்த வாரம் என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு திருத்தம்.

செல்வி சேவ் செய்திருந்தார்.